கடற்கோளும் மனவடுவும்

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமையாகவும் போயா விடுமுறை நாளாகவும் அமைந்தது. அன்று காலை 6.58 மணியளவில் சுமாத்திராத் தீவினை அடுத்த கடலடியில் நிலம் அதிர்ந்தது. ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் அவ்வதிர்ச்சியினால் எழுந்த பேரலைகள் இலங்கையின் கிழக்குக் கரையை வந்தடைந்தன. அக்கடற்கோளில் இலங்கை மாவட்டங்கள் யாவற்றுள்ளும் மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமேயாம். அங்கு மாண்டோர் தொகை பத்தாயிரத்தைத் தாண்டியது. பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர் எனத் தெற்கு நோக்கித் தொடரும் ஊர்கள் கிழக்கே கடலையும் மேற்கே வயலையும் எல்லையாகக் கொண்டவை. இடைப்பட்ட ஒடுங்கிய மணற்பரப்பில் வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்பன. கடலுக்கு மிக அண்மையிலும் மிக நெருக்கமாகவும் மக்கள் வாழ்ந்தமையே இழப்பின் பெருக்கத்துக்குத் தலையாய காரணமாயிற்று.

அலை அன்றே வடிந்தது. இடிந்த சுவர்களை எண்ணவும் இறந்தோரைக் கணக்கிடவும் அரசாங்கத்தால் இயன்றது. ஆயின், தப்பியவரின் உடலினுள்ளே நிகழ்ந்த மாற்றம் கண்ணுக்குப் புலனாவதன்று. காற்று ஓங்கி வீசினால் நெஞ்சு படபடத்தல், இரவில் அலையோசை கேட்டுத் துயில் கலைதல், காரணமின்றிப் பெருமூச்செறிதல், கைகால் விறைத்தல் முதலியன பேரிடருக்குப் பின் எந்நாட்டு மக்களிடமும் காணப்படுவன. இவற்றை மனத்தளர்ச்சி என்று கூறி ஒதுக்குவாரும் உளர். நோய் என்று கூறி மாத்திரை கொடுப்பாரும் உளர். இவ்விரு கூற்றும் முழுமையான உண்மையாகா என்பதை, மனவடுவினைப் பற்றி மருத்துவ அறிவு வளர்ந்த வரலாறு தெளிவுறக் காட்டுகின்றது. அவ்வரலாற்றினைக் கல்முனைக் கரையின் அனுபவத்தோடு பொருத்திக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அச்சம் உடலிற் புலப்படுவது என்னும் உண்மை தமிழர்க்குப் புதியதன்று. உள்ளத்து உணர்வு மெய்யின்கண் தோன்றுதலைத் தொல்காப்பியர் மெய்ப்பாடு என்னும் பெயரால் தனி இயலாக வகுத்தார். அச்சம் அம்மெய்ப்பாடுகள் எட்டனுள் ஒன்று. ஆயின், அது மெய்யில் எவ்வாறு தோன்றுகின்றது என்பதனைச் சோதனை வாயிலாக விளக்கியவர் அமெரிக்க உடற்றொழிலியலாளரான வால்டர் கனன் ஆவார். ஹார்வாட் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய அவர், நோவு, பசி, அச்சம், சினம் ஆகியவற்றின்போது உடலில் ஏற்படும் மாற்றங்களைக் குறித்து 1915ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். ஆபத்து எதிர்ப்படும்போது விலங்கின் உடல் போரிடுதற்கோ ஓடித் தப்புதற்கோ தன்னை ஆயத்தஞ் செய்கின்றது என்பது அவர் கண்ட முடிபு.

அவ்வாயத்தத்தினை நடத்துவது தன்னாட்சி நரம்புத் தொகுதியாம். இது மனிதனின் விருப்பத்தினை எதிர்பாராது தானே இயங்குவது, இரு பிரிவுகளையுடையது. பரிவு நரம்புத் தொகுதி தூண்டப்பட்டவுடன் சிறுநீரகங்களின் மேலமைந்த சுரப்பிகள் அதிரினலினைக் குருதியிற் கலக்கின்றன. இதயம் விரைந்து துடிக்கின்றது, மூச்சு மிகுகின்றது, கண்மணி விரிகின்றது, குருதி குடலை விட்டுத் தசைகளை நோக்கிப் பாய்கின்றது. சற்றுப் பின்னர்க் கோர்ட்டிசோல் என்னும் ஓமோனும் சுரந்து, நெடிய நெருக்கீட்டினைத் தாங்குதற்கு உடலைப் பதப்படுத்துகின்றது. ஆபத்து நீங்கியபின் பரபரிவு நரம்புத் தொகுதி மேலோங்கி, இதயத்தையும் மூச்சையும் பழைய நிலைக்குக் கொணர்கின்றது. அலையைக் கண்டு ஓடித் தப்பியவர் பலர் தம் கால்களுக்கு அவ்வளவு வலிமை எங்கிருந்து வந்தது என்று வியப்பது இயல்பே. அவ்வலிமை இவ்வேற்பாட்டின் கொடையாம். எனவே, அச்சம் அடிப்படையில் ஒரு நோயன்று. உயிர் காக்கும் கருவியே.

கருவி ஓயாது இயங்குமிடத்தே இடர் தோன்றுகின்றது. மூளையின் ஆழத்தில் வாதுமைப் பருப்பின் வடிவினதாய் அமிக்டலா என்றொரு பகுதி உண்டு. ஓசை, மணம், காட்சி ஆகியவற்றில் ஆபத்தின் சாயலைக் கண்டவுடன், அறிவு ஆராய்ந்து முடிக்குமுன்னரே, அஃது உடலை உசுப்பிவிடுகின்றது. அதனை அடுத்துள்ள ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதி, நிகழ்ந்தது எங்கே, எப்போது என்று நினைவுக்கு இடமும் காலமும் வகுத்துக் கொடுப்பது. பேரச்சத்தின்போது முன்னதன் பதிவு ஆழமாகவும் பின்னதன் ஒழுங்கு குலைந்தும் போகலாம் என ஆய்வாளர் கருதுவர். அவ்வாறாயின், நடந்தது ‘நடந்து முடிந்தது’ என்னும் முத்திரை பெறாமல், இப்பொழுதே நடப்பது போன்று மீண்டும் மீண்டும் மேலெழும். நனவிலும் கனவிலும் காட்சி திரும்புதல், அதனை நினைவூட்டுவன யாவற்றையும் விலக்குதல், எந்நேரமும் திடுக்குறுதற்கு ஆயத்தமாயிருத்தல் என்பன நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோயின் குறிகளாக இன்று கொள்ளப்படுகின்றன.

இவ்வுண்மையை முன்கூட்டியே புலப்படுத்திய நிகழ்ச்சி ஒன்று, வியப்புறுமாறு, ஒரு வெள்ளத்தோடு தொடர்புடையது. 1924ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் உருசியாவின் லெனின்கிராட் நகரில் நேவா ஆறு பெருகி வந்து, பவ்லோவ் என்னும் உடற்றொழிலியலறிஞரின் ஆய்வுகூடத்தினுட் புகுந்தது. கூடுகளில் அடைபட்டிருந்த நாய்கள் நீர் மேலேறிய நிலையிற் பெரும்பாட்டுடன் மீட்கப்பட்டன. வெள்ளம் வடிந்தபின் அவற்றுட் சில முன்னர்க் கற்றிருந்த நிபந்தனைத் தெறிவினைகளை இழந்திருந்தன. பொறுமையான பயிற்சியினால் அவை மீண்டும் பழைய நிலையை எய்தின. ஆயின், நலமடைந்திருந்த ஒரு நாயின் அறைக் கதவின் கீழாகச் சிறிதளவு நீரைக் கசியவிட்டபோது, அது நிலைகுலைந்தது. பெற்ற தெறிவினைகள் மீண்டும் மறைந்தன. அச்சத்தினை வென்ற பயிற்சி பழைய அச்சத்தை அழிப்பதில்லை. அதன்மேற் புதியதொரு கல்வியைப் பதிக்கின்றது. தக்க தூண்டல் வரின் பழையது மீளவும் தலையெடுக்கும் என்பதே இதனாற் பெறப்படும் பாடம். பிற்காலத்து மூளையாய்வுகளும் இம்முடிபினையே வலியுறுத்துகின்றன.

கதவின் கீழ்க் கசிந்த அந்நீரினைக் கிழக்குக் கரையும் கண்டது. கடற்கோள் நிகழ்ந்து மூன்று மாதங் கழிந்த 2005 மார்ச் 28ஆம் நாள் இரவு சுமாத்திராவருகே மீண்டும் ஒரு பெரு நிலநடுக்கம் ஏற்பட, இலங்கைக் கரையோர மக்கள் உள்நாடு நோக்கி ஓடினர். 2012 ஏப்ரில் 11ஆம் நாள் அதே திசையில் 8.6 அளவினதாய் நிலம் அதிர்ந்தபோதும் எச்சரிக்கை விடுக்கப்பட்டது. கரையோரத்தவர் மீண்டும் வீடுவிட்டு வெளியேறினர். இரு முறையும் பேரழிவு விளைக்கும் அலை இலங்கைக்கு வரவில்லை. வராத அலைக்கு அஞ்சி ஓடியதனை அறியாமை என்பார் அதன் பொருளை அறிந்திலர். முன்னொருநாள் உயிரைக் காத்த நரம்புத் தொகுதி, தான் கற்ற பாடத்தை மறவாது ஒப்புவித்தது என்பதே உண்மை.

மனவடுவினை இவ்வாறு இரக்கத்தோடும் அறிவோடும் நோக்கும் நிலைக்கு மருத்துவ உலகம் எளிதில் வந்துவிடவில்லை. 1866இல் எரிக்சன் என்னும் ஆங்கிலச் சத்திரசிகிச்சை நிபுணர், புகையிரத விபத்துக்களில் வெளிக்காயமின்றித் தப்பியவர் பின்னர் நலிவுறுவதைக் கண்டு, முதுகெலும்பின் உள்ளதிர்ச்சியே அதற்குக் காரணம் என்றார். 1871இல் டா கொஸ்டா என்னும் அமெரிக்க வைத்தியர், உள்நாட்டுப் போரில் ஈடுபட்ட படைவீரரின் ஓயாத நெஞ்சுப் படபடப்பினை இதயத்தின் கோளாறாக விவரித்தார். முதலாம் உலகப் போரில் பீரங்கிக் குண்டுகளினிடையே நின்ற வீரர் பலர் பேச்சிழந்தும் பார்வையிழந்தும் நடுக்குற்றும் திரும்பினர். சாள்ஸ் மயேர்ஸ் என்பார் 1915இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் இந்நிலையைக் குண்டதிர்ச்சி என்னும் பெயரால் எழுதினார். ஆயினும், படைத்துறை இதனை எளிதில் ஏற்கவில்லை. போர்முனையை விட்டு நீங்கியமை, கோழைமை முதலிய குற்றங்களின் பேரில் பிரித்தானியப் படைகளைச் சேர்ந்த முந்நூற்றுக்கு மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களுட் சிலர் இன்று மனவடுவுற்றோராகக் கருதப்படுவர். 306 பேருக்குப் பிரித்தானிய அரசு மன்னிப்பு வழங்கியது 2006ஆம் ஆண்டிலேயாம். வைத்தியசாலையிலும் கொடுமை இல்லாமலில்லை. பேச்சிழந்த வீரரின் தொண்டையில் மின்சாரம் பாய்ச்சிப் பேசவைத்தலே சிகிச்சை என்று கருதிய வைத்தியரும் அன்று இருந்தனர்.

இவர்களிடையே வேறு வழி கண்டவர் றிவேர்ஸ் என்பவர். இவர் பெயர் தமிழ்நாட்டுக்கும் அயலானதன்று; நீலகிரியில் வாழும் தோதவரைப் பற்றி 1906இல் விரிவான நூலெழுதியவர் இவரே. மயேர்சும் இவரும், பின்னர் இலங்கை வேடரைப் பற்றி 1911இல் நூலெழுதிய செலிக்மனும், 1898இல் டொறஸ் நீரிணைத் தீவுகளுக்கு ஒருங்கே ஆய்வுப் பயணஞ் சென்றவர்கள். பிறருடைய வழக்கங்களை இகழாது கேட்டறியும் பயிற்சி அவர்களுக்கு அங்கே கிடைத்தது. ஸ்கொத்லாந்தின் கிரெய்க்லொக்கார்ட் வைத்தியசாலையில் றிவேர்ஸ் படை அதிகாரிகளுக்குச் சிகிச்சை செய்தபோது, ‘மறந்துவிடு’ என்று அக்காலத்து வைத்தியர் கூறிய அறிவுரையே நோயை வளர்ப்பதாகக் கண்டார். நினைவினை முற்றாக அடக்காமலும், அதிலேயே மூழ்காமலும், தாங்கக்கூடிய ஒரு கோணத்திலிருந்து அதனை எதிர்கொள்ளுமாறு அவர் துணைநின்றார். வெடியிற் சிதைந்து மாண்ட தோழனின் உடலைக் கண்ட அதிகாரி ஒருவர் அக்காட்சியையே இரவெல்லாம் கனவிற் கண்டு வருந்தினார். அத்தோழன் நோவறியாது நொடியில் இறந்திருத்தல் வேண்டும் என்று றிவேர்ஸ் எடுத்துக்காட்டியபின், அக்கனவு தன் கொடுமையை இழந்தது. ஆறுதலுக்கு இடமே இல்லாத நினைவுகளில் இம்முறை பயன்படாது என்பதையும் அவர் மறைக்காது கூறினார்.

பின்னைய வளர்ச்சி இவ்விரு வேர்களினின்றும் கிளைத்தது. பவ்லோவின் வழியில், தளர்நிலையில் இருந்துகொண்டு அஞ்சும் பொருளைப் படிப்படியாக அணுகும் முறையினை யோசப் வோல்பே 1958இல் நூல்வடிவில் வகுத்தார். 1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் மனவடு நோய்க்குத் தனிப்பெயர் கொடுத்து நோய்ப்பட்டியலிற் சேர்த்தது. வியட்னாம் போரினின்று மீண்டவரின் துன்பம் அதற்கு ஒரு பெருங்காரணம். யேர்மனியின் கொன்ஸ்தான்ஸ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர், வாழ்க்கைக் கதை முழுவதையும் பிறப்பிலிருந்து ஒழுங்காகச் சொல்லவைத்து, சிதறிய நினைவுக்கு இடமும் காலமும் சேர்க்கும் முறையொன்றை உருவாக்கினர். சிகிச்சையின் பெயர்கள் பலவாயினும் உட்கிடை ஒன்றே: உடல் பாதுகாப்பினை உணர்தல் வேண்டும், அதன் பின்னரே நினைவு ஒழுங்குபெறும்.

இவ்வளவு அறிவு திரண்டிருந்தும், 2004ஆம் ஆண்டின் இறுதியில் அதனைக் கிழக்கிலங்கை மக்களிடம் கொண்டுசெல்லுதற்கு ஆளில்லை. உளமருத்துவ நிபுணர் நாடு முழுவதிலும் மிகச் சிலரே; அவர்களிற் பெரும்பாலோர் கொழும்பினை அண்டியிருந்தனர். வெற்றிடத்தை நிரப்பப் பல நாட்டினின்றும் உதவியாளர் வந்தனர். அவர்களுள் நற்பணி செய்தாரும் பலர். ஆயின், தமிழறியாத சிலர், மொழிபெயர்ப்பாளரைத் துணைக்கொண்டு, நிகழ்ந்ததை உடனே சொல்லி அழுதுவிடுமாறு மக்களை ஊக்கினர். அதிர்ச்சிக்குப் பின் ஒரே அமர்வில் அனைத்தையும் கொட்டச் செய்யும் அம்முறை மனவடு நோயைத் தடுப்பதில்லை என்று 2002இலேயே ஆய்வுத் தொகுப்புக்கள் காட்டியிருந்தன. 2007இல் பன்னாட்டு நிறுவனங்கள் இணைந்து வெளியிட்ட வழிகாட்டல்கள், உணவு, உறைவிடம், குடும்ப ஒற்றுமை, சமய வழக்கம், பள்ளி ஆகியவற்றை மீட்டலே உளநலத்துக்கு அடித்தளம் என்று கூறின. பேரிடரை அடைந்தோரிற் பெரும்பாலோர் காலப்போக்கிலும் சுற்றத்தின் அரவணைப்பிலும் தாமே தேறுவர். ஒரு பகுதியினரே சிறப்புச் சிகிச்சையை வேண்டுவர் என்பதும் இதனோடு நினைக்கற்பாலது. துயரமெல்லாம் நோயன்று.

தேறுதற்குரிய வழிகள் அக்கரையில் முன்னரே இருந்தன. கடலில் மூழ்கி இறந்தவர் ஷஹீத் நிலையினர் என்பது நபிமொழி வழிவந்த நம்பிக்கை. பிள்ளையை அலைக்குக் கொடுத்த தாய்க்கு, றிவேர்ஸ் தேடிய ‘தாங்கக்கூடிய கோணத்தினை’ இந்நம்பிக்கை வழங்க வல்லது. கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் இருக்கும் இத்தா, உறவினர் கூடி ஓதும் யாசீன், கத்தம் ஆகியன துக்கத்துக்குக் கால எல்லையும் துணையும் வகுப்பன. காரைதீவு, பாண்டிருப்பு முதலிய ஊர்களின் இந்துக்களுக்கு எட்டுச்செலவும் முப்பத்தொராம் நாட் கிரியையும் அவ்வாறே அமைந்தன. போரிற் காணாமற் போனோரின் தாய்மார் மட்டக்களப்புப் பகுதி அம்மன் கோயில்களில் தெய்வமாடுவோரிடம் சென்று தம் துயரைச் சொல்லி ஆறியதை, பற்றிசியா லோறன்ஸ் என்னும் மானிடவியலாளர் 1990களில் ஆராய்ந்து எழுதியுள்ளார். பயந்த பிள்ளைக்குத் தண்ணீர் ஓதிக் கொடுத்தலும் நூல் கட்டுதலும் இரு சமூகத்தார்க்கும் பொதுவான வழக்கங்கள். இஸ்லாமிய மருத்துவ மரபிலும் இத்துறை பழமையானது. 934இல் மறைந்த அபூ செய்த் அல்பல்கி, உடல்நலத்தோடு உளநலத்தையும் ஒரே நூலில் ஆராய்ந்தவர். அஞ்சுவதனைக் கண்ணும் காதும் சிறிது சிறிதாகப் பழகிக்கொள்ளச் செய்தல் வேண்டும் என்று அவர் கூறியது வோல்பேக்கு ஓராயிரம் ஆண்டு முற்பட்டதாம்.

மரபினையும் மருத்துவத்தையும் இணைத்துக் காட்டியவர்களுள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் முதன்மையானவர். போரினால் விளைந்த மனவடுவினைப் பற்றி 1998இல் ஆங்கிலத்தில் நூலெழுதிய அவர், மனவடு தனியொருவரின் காயம் மட்டுமன்று, குடும்பத்தையும் ஊரையும் பற்றும் கூட்டுக் காயம் என்று வலியுறுத்தினார். இந்துக்களுக்கு மந்திர உச்சாடனம், முஸ்லிம்களுக்குத் திக்ர், கிறித்தவர்க்குச் செபமாலை என அவரவர் மரபிலுள்ள பயிற்சிகளையே உடலைத் தளர்த்தும் சிகிச்சையாகப் பயன்படுத்தலாம் என்றும் எடுத்துரைத்தார். இதற்கு உடற்றொழிலியற் சான்றும் உண்டு. செபமாலையோ மந்திரமோ சொல்லுங்கால் மூச்சு நிமிடத்துக்கு ஆறளவாகக் குறைந்து, இதயத்தின் இயக்கம் சீர்ப்படுவதை இத்தாலிய ஆய்வாளர் 2001இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியிட்டனர். நெடிதாக மூச்சுவிடுதல் பரபரிவு நரம்புத் தொகுதியைத் தூண்டுவதே அதன் காரணமாம். இலங்கையின் வடகிழக்கில் போரும் கடற்கோளும் தாக்கிய சிறுவர் 31 பேரிடையே நடத்தப்பட்டு 2009இல் வெளிவந்த ஆய்வு ஒன்றும் குறிப்பிடத்தக்கது. ஒரு பகுதியினர் ஆறு அமர்வுகளில் தம் கதையை ஒழுங்குறச் சொல்லினர். மறுபகுதியினர் ஆறு அமர்வுகளில் தியானமும் தளர்வுப் பயிற்சியும் பெற்றனர். ஆறு மாதத்தின் பின் முன்னவருள் நூற்றுக்கு 81 பேரும் பின்னவருள் 71 பேரும் நோய் நீங்கியிருந்தனர். ஆய்வு சிறிதாயினும், உள்ளூர் உளவளத்துணையாளர் உரிய பயிற்சியோடு செய்யும் சிகிச்சை பயன்தரும் என்பதற்கு அது சான்றாம்.

எனினும், மந்திரமும் மருந்தும் ஆற்ற இயலாத ஒன்று உண்டு, அதுவே பாதுகாப்பு. கடற்கோளுக்கு முன்னரே அக்கரை காயப்பட்டிருந்தது. 1990 ஆகஸ்ட் மாதத்தில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிற் தொழுதுகொண்டிருந்தோர் நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அதே மாதம் வீரமுனைப் பிள்ளையார் கோயிலிற் புகலடைந்திருந்த தமிழரும் கொல்லப்பட்டனர். அடுத்தடுத்த ஊரவர் ஒருவரையொருவர் அஞ்சி வாழ்ந்த ஆண்டுகள் அவை. கடற்கோளுக்குப் பின் கிழக்குக் கரையில் 200 மீற்றர் அளவில் வகுக்கப்பட்ட தடைவலயம், பின்னர்த் தளர்த்தப்படும்வரை, பலரைத் தற்காலிகக் கொட்டில்களில் வீடின்றிக் காத்திருக்கச் செய்தது. 2019 ஏப்ரில் 26ஆம் நாள் சாய்ந்தமருதில் ஒரு வீட்டினுள் வெடித்த குண்டுகள், உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலின் அச்சத்தினைக் கடலோரத்து வீதிகளுக்குக் கொணர்ந்தன, குழந்தைகளும் மாண்டனர். ஆபத்து உண்மையிலேயே நீங்காதவிடத்து, ‘ஆபத்து நீங்கியது’ என்று நரம்புத் தொகுதிக்குக் கற்பிக்க எந்த வைத்தியராலும் இயலாது.

ஆயினும், முன்னேற்றமில்லை என்றல் பொருந்தாது. 2005இல் வகுக்கப்பட்ட தேசிய உளநலக் கொள்கை, தலைநகரின் பெரு வைத்தியசாலைகளில் அடங்கியிருந்த சேவையை மாவட்டங்களுக்குக் கொண்டுசெல்ல வழிசெய்தது. கடலும் தன் பங்கினைச் செய்தது எனலாம். பிழைப்புக்காக மீனவர் முதலிற் கரையில் நின்றும், பின்னர்க் கூட்டமாகக் கரைவலை இழுத்தும், பின்னர்த் தோணியேறியும் கடலுக்குத் திரும்புதல், நூல்களிற் கூறப்படும் படிப்படியான அணுகுமுறையினின்றும் வேறானதன்று. தனியே அஞ்சியதனைப் பலரோடு கூடி எதிர்கொள்ளுதல் அதன் சிறப்பாம்.

இவ்வரலாறு ஆசிரியருக்கும் உரியது. கதவு அடிபட்டால் திடுக்குறும் மாணவன், பாடத்திற் கருத்தூன்ற இயலாத மாணவி, காரணமின்றிச் சினக்கும் சிறுவன் ஆகியோர் எல்லாப் பள்ளிகளிலும் உளர். அவர்களைச் சோம்பேறியென்றும் முரடரென்றும் தண்டித்தல், 1915இன் படைத்துறை செய்த பிழையையே வகுப்பறையிற் செய்தலாகும். ஒழுங்கான நேரசூசி, அறிமுகமான குரல், அஞ்சாது வினாவும் உரிமை என்பன செலவின்றி அளிக்கக்கூடிய சிகிச்சைகள். அவற்றாலும் தேறாத பிள்ளையை உளநல வைத்தியரிடம் தயங்காது அனுப்புதல் அடுத்த கடமை. தோதவரிடமும் படைவீரரிடமும் றிவேர்ஸ் காட்டிய பொறுமை, ஒரு பிள்ளை தன் அச்சத்தைத் தன் சொல்லிற் சொல்லும்வரை காத்திருக்கும் ஆசிரியருக்கும் வேண்டுவதேயாம்.